வளைந்த சொப்ரானோ சாக்ஸபோனுக்கு ஏற்ற ஸ்டாண்டு: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்ஸபோன் ஸ்டாண்டு என்று தேடினால் சொப்ரானோவைவிடப் பெரிய ஆல்ட்டோ, டெனர் இரண்டுக்கும் பொருந்தும் என்று போட்ட மாடல்கள் வரிசையாக வந்து விழும். சொப்ரானோ ஸ்டாண்டு என்று தேடினால் கூம்பு வடிவ முளை ஒன்றை நட்டுவைத்த ஸ்டாண்டுகள் வரும். வளைந்த சொப்ரானோ வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு வகையும் அப்படியே உதவாது. முதல் வகை பெரிது. இரண்டாவது வகை, பெல் (ஒலி வெளிவரும் விரிந்த வாய்) தரையைப் பார்த்திருக்கும் நேர் சொப்ரானோவுக்கானது. இந்தக் கருவியை வாசிப்பவர்கள் குறைவு என்பதால் இதற்கென்றே செய்யும் ஸ்டாண்டுகளும் குறைவு. பல கடைகளில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அதனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பித் தேடுவதை விட்டுவிட்டு, அளவை வைத்துத் தேடுங்கள். உங்கள் கருவியில் நான்கு அளவுகள், ஸ்டாண்டில் இரண்டு அளவுகள், இவ்வளவுதான் தேவை. இவை கையில் இருந்தால் ஆல்ட்டோ என்று எழுதிய ஸ்டாண்டு கூட சில சமயம் பொருந்திவிடும். சொப்ரானோ என்று எழுதியதை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வடிவம்?

இதைக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தவறான ஸ்டாண்டு வாங்குபவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். பி ஃபிளாட் சுருதியில் உள்ள சொப்ரானோ பல வடிவங்களில் வருகிறது.

ஒன்று, முழுக்க நேரானது. இரண்டு, உடல் நேராகவே இருந்து நெக் (மவுத்பீஸ் மாட்டும் மேல்முனைக் குழாய்) மட்டும் சற்று வளைந்தது. சில மாடல்களில் நேர் நெக், வளைந்த நெக் இரண்டையும் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். மூன்று, ஆல்ட்டோவைச் சுருக்கிச் செய்ததுபோல அடிப்பக்கம் வளைந்து பெல் மேல்நோக்கி நிற்பது. இந்த வழிகாட்டி மூன்றாவதற்குத்தான். இரண்டாவதை வைத்திருப்பவர்கள் 'வளைந்த சொப்ரானோ ஸ்டாண்டு' என்று அலைய வேண்டாம். பெல் கீழே பார்க்கிறதல்லவா, சாதாரண முளை ஸ்டாண்டே போதும்.

இந்த மூன்றிலும் சேராத இன்னொன்றும் உண்டு. 1920களில் வந்த கிங் சாக்ஸெல்லோ என்ற மாடலும், அதைப் பின்பற்றிச் செய்யப்பட்டவையும் உடல் நேராக இருந்து பெல் மட்டும் முன்பக்கம் திரும்பியிருக்கும். கீழே சொல்லும் கவை (கருவியை இரு பக்கமும் அணைத்துத் தாங்கும் கை) ஸ்டாண்டு கணக்கு அதற்குப் பொருந்தாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டு எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள்

வழக்கமான ஆல்ட்டோ ஸ்டாண்டில் இரண்டு கவைகள் இருக்கும். மேல்கவை பெல்லின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, விரிந்து போகும் பகுதியை ஏந்திக்கொள்ளும். கீழ்க்கவை அடிவளைவை ஒட்டிய இடத்தில் அணைத்து, கருவி ஊசலாடாமல் பார்த்துக்கொள்ளும். சில மாடல்களில் எடையின் பெரும்பகுதி கீழ்க்கவையில் உட்கார்ந்துவிடும், மேல்கவை வெறுமனே சாயாமல் பிடிக்கும். எதுவானாலும் கருவியை நிறுத்தி வைப்பது இந்த இரண்டு தொடுமிடங்கள்தான்.

வளைந்த சொப்ரானோவை இதில் வைத்தால் என்ன ஆகிறது? மேல்கவையின் உள் அகலம் ஆல்ட்டோ பெல்லுக்காக விட்டது. சொப்ரானோவின் சிறிய பெல் அதற்குள் இறங்கிவிடும், அல்லது விளிம்பு மட்டும் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். இந்த இரண்டாவது நிலைதான் ஆபத்து. பார்ப்பதற்கு நன்றாக உட்கார்ந்ததுபோலவே இருக்கும், யாராவது பக்கத்தில் நடந்து போனால் வழுக்கிவிடும். அடுத்தது, இரண்டு கவைகளுக்கும் நடுவே உள்ள உயரம். சொப்ரானோவில் விளிம்பிலிருந்து அடிவளைவு வரை உள்ள தூரம் ஆல்ட்டோவை விடக் குறைவு என்பதால், மேலே பொருந்தினால் கீழே எட்டாது, கீழே உட்கார்ந்தால் மேலே எட்டாது.

அளவெடுப்பது

ஒரு ஸ்கேல், ஒரு தாள் கீற்று, ஒரு பென்சில் போதும். கருவியை மெத்தையிலோ தடித்த துண்டின் மேலோ படுக்கவைத்து அளந்துகொள்ளுங்கள்.

முதல் அளவு, பெல்லின் வெளிவிளிம்பு விட்டம். ஸ்கேலை குறுக்கே வைத்தால் நடு மையம் தவறிப்போகும். தாள் கீற்றை விளிம்பைச் சுற்றி வளைத்து, ஒன்று சேரும் இடத்தில் குறியிட்டு, நீட்டி அளந்து 3.14ஆல் வகுத்துவிடுங்கள். சுற்றளவு 28.3 செ.மீ. என்றால் விட்டம் 9 செ.மீ.

இரண்டாவது, விளிம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. கீழே பெல்லின் விட்டம். கவை உண்மையில் தொடப்போவது இங்கேதான். இதையும் தாள் கீற்றிலேயே எடுக்கலாம், ஆனால் கீற்று மெல்லியதாக இருக்கட்டும்; அகலமான கீற்று சரிவான பகுதியில் சரியாக ஒட்டாது.

மூன்றாவது, அந்தத் தொடுமிடத்திலிருந்து அடிவளைவின் கீழ்ப்பகுதி வரை நேர் உயரம். நான்காவது, பெல்லுக்கும் உடல்குழாய்க்கும் நடுவே இருக்கும் சந்து. பல மாடல்களில் கவையின் முனைகள் இந்தச் சந்துக்குள் நுழைய வேண்டியிருக்கும். வளைந்த சொப்ரானோவில் அது குறுகல், அதிலும் கவையைச் சுற்றித் தடித்த ஃபோம் இருந்தால் நுழையவே நுழையாது. இந்த நான்காவது அளவைப் பெரும்பாலோர் எடுப்பதில்லை. முதல் மூன்றும் பொருந்தியும் ஸ்டாண்டு சரிப்படாமல் போனால் காரணம் இங்கேதான் இருக்கும்.

ஸ்டாண்டு பக்கம் தேவைப்படுபவை: மேல்கவையின் உள் அகலம் (ஃபோமையும் சேர்த்து), இரண்டு கவைகளுக்கும் இடையே வைக்கக்கூடிய மிகக் குறைந்த உயரம். இணையத்தில் விற்பவர்கள் ஸ்டாண்டின் மொத்த உயரத்தையும் எடையையும் போடுவார்கள், இந்த இரண்டை மட்டும் போடமாட்டார்கள். கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

பொருத்தம் பார்ப்பது எளிது. கவையின் உள் அகலம் முதல் அளவைவிடக் குறைவாகவும், இரண்டாவது அளவைவிடச் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். விளிம்பு 9 செ.மீ., 3 செ.மீ. கீழே 6.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 7 செ.மீ. அகலக் கவை நன்றாக உட்காரும். 8.5 என்றால் விளிம்பின் நுனியில் தொங்கும், அதை நம்பாதீர்கள். கவைகளுக்கு இடையே உள்ள உயரமோ மூன்றாவது அளவு வரை இறங்கிவர வேண்டும்.

எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது

அளவு பொருந்தினாலும் ஒரு கேள்வி மிச்சம். கவை எதன் மேல் படுகிறது? வெறும் உலோகக் குழாயின் மேல் பட்டால் கவலையில்லை. துளைகளைத் திறந்து மூடும் கீ, கீயை இணைக்கும் நீளக் கம்பி, மேல் ஸ்தாயிக்கு மாற்றும் ஆக்டேவ் பொறி ஆகிய மூன்றின் மேலும் படவே கூடாது. துளையை அடைக்கும் மெத்தையான பேடை மூடியிருக்கும் கீ கார்டின் மேல் லேசாகப் பட்டால் போகட்டும், முழு எடையும் அதில் இறங்கக் கூடாது. அது மெல்லிய தகடு, சின்னத் திருகுகளில் நிற்பது. வளைந்தால் கீயின் திறப்பு மாறிவிடும்.

பெல்லின் பக்கவாட்டில் தாழ்ந்த பி, பி ஃபிளாட் கீகள் இருக்கும். இன்றைய கருவிகளில் இவை வாசிப்பவரின் வலப்பக்கம் வருவது வழக்கம். கான், பூஷர் போன்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1920களில் செய்த வளைந்த சொப்ரானோக்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்துக் கருவிகளில் இந்தக் கீகள் இடப்பக்கமோ, பக்கத்துக்கு ஒன்றாகவோ இருக்கக்கூடும். அதனால் நண்பரின் புதுக் கருவிக்குப் பொருந்திய ஸ்டாண்டு உங்கள் பழைய கருவிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கருவியைக் கையில் பிடித்து, கவை வரும் உயரத்தில் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். விரலில் எத்தனை கீ தட்டுப்படுகிறதோ அத்தனை இடத்தில் கவையும் தட்டும்.

நெக்கைத் தாங்கவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். சில வளைந்த சொப்ரானோக்களில் நெக் கழற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்தே இருக்கும். அதன் மேல் ஆக்டேவ் கீ ஓடுகிறது. அங்கே ஒரு தாங்கல் அழுத்தினால் அடுத்த முறை வாசிக்கும்போது மேல் ஸ்தாயி தடுமாறும்.

வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

வளைந்த சொப்ரானோவுக்கென்றே செய்த கவை ஸ்டாண்டு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, சந்தேகமே வேண்டாம். சாக்ஸபோன் ஸ்டாண்டுகளில் பெயர்பெற்ற ஹெர்குலிஸ், ஜெர்மனியின் கே அண்ட் எம், இங்கிலாந்தின் சாக்ஸ்ராக்ஸ் ஆகிய நிறுவனங்களின் பட்டியல்களை முதலில் புரட்டிப் பாருங்கள். மாடல்கள் வரும் போகும். எனவே பழைய பரிந்துரையில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடாமல் இப்போதைய பட்டியலில் கருவியின் பெயரைத் தேடுங்கள்.

அடுத்தது, மடக்கி பெல்லுக்குள்ளேயே வைத்துவிடும் சின்ன ஸ்டாண்டு. இன்-பெல் என்று விற்பார்கள். பயணம் செய்பவர்களுக்கு இது பிடித்தமானது. ஆனால் ஆல்ட்டோவுக்கான இன்-பெல் ஸ்டாண்டு மடங்கியபின் ஆல்ட்டோ பெல்லுக்குள்தான் போகும். சொப்ரானோ பெல்லுக்குள் திணித்தால் உள்ளே கீறல் விழும், சில சமயம் சிக்கிக்கொள்ளும். கவை அளவு பொருந்தினால் வாங்கலாம், ஆனால் அதைப் பையில் தனியாகத்தான் எடுத்துப்போக வேண்டும். அப்படியானால் இவ்வளவு சின்ன ஸ்டாண்டு எதற்கு என்ற கேள்வியும் வரும். கால்கள் குட்டையாக இருப்பதால் கவிழும் வாய்ப்பு அதிகம். இதன் கணக்கைக் கீழே பார்க்கலாம்.

உயரமும் கவையும் மாற்றக்கூடிய ஆல்ட்டோ ஸ்டாண்டு மூன்றாவது வழி. தனி ஸ்டாண்டு கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் இதுதான். கீழ்க்கவை குழாயில் மேலும் கீழும் நகருமா, திருகு போட்டால் உறுதியாக நிற்குமா என்பதை மட்டும் பாருங்கள். பற்றவைத்து நிலையாக விட்டிருந்தால் வேலைக்கு ஆகாது.

இரண்டு மூன்று கருவிகளை ஒன்றாக நிறுத்தும் ஸ்டாண்டுகளில் பக்கத்தில் ஒரு சொப்ரானோ முளை இருக்கும். அது நேர் சொப்ரானோவுக்கு. வளைந்ததைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த முளையில் மாட்டலாமே என்று தோன்றும். மாட்டினால் பெல்லைவிட நீண்டு நிற்கும் நெக்கும் மவுத்பீஸும் முதலில் தரையைத் தொடும். டிரம்பெட் ஸ்டாண்டுக்கும் இதே பிரச்சினைதான்.

கவிழுமா? ஒரு சின்னக் கணக்கு

வளைந்த சொப்ரானோ ஆல்ட்டோவைவிட எவ்வளவோ எடை குறைந்தது. எடை குறைந்தால் ஸ்டாண்டுக்கு வேலை சுலபம் என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. லேசான கருவியும் லேசான ஸ்டாண்டும் சேர்ந்தால் ஒரு சட்டைக் கை பட்டாலே ஆட்டம் கண்டுவிடும். ஒரு வயர் காலில் சிக்கினால் கனமான ஜோடி நகர்ந்து நிற்கும், லேசான ஜோடி சாயும்.

கருவியும் ஸ்டாண்டும் சேர்ந்த எடை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அது கால் நுனிகளை இணைத்து வரும் வடிவத்துக்குள் விழும்வரை கவிழாது. மூன்று கால் ஸ்டாண்டில் எந்தத் திசையில் பலம் குறைவு? இரண்டு கால்களுக்கு நடுவே. அந்தத் திசையில் மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம், கால் நீளத்தில் சரியாகப் பாதி. நான்கு கால் என்றால் சுமார் 0.7 பங்கு. ஐந்து கால் என்றால் 0.8 பங்கு.

கால் 18 செ.மீ., எடை மையம் தரையிலிருந்து 22 செ.மீ. உயரம், ஸ்டாண்டின் நடுவுக்கு நேர் மேலே என்று வைத்துக்கொள்வோம். மூன்று கால் ஸ்டாண்டின் பலவீனமான திசையில் கைக்கு 9 செ.மீ. மட்டுமே இருக்கிறது, சுமார் 22 பாகை சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். அதே நீளத்தில் ஐந்து கால் இருந்தால் 14.5 செ.மீ., ஏறத்தாழ 33 பாகை வரை தாங்கும். காலை நீட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டியதற்கே இந்த வித்தியாசம். மூன்று கால் என்றால் நீளமான கால்களாகப் பாருங்கள்.

நடைமுறையில் எடை மையம் ஸ்டாண்டின் நடுவுக்கு நேர் மேலே இருக்காது. கருவி எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறதோ அந்தப் பக்கம் சீக்கிரம் கவிழும். எனவே மூன்று காலில் ஒன்றை அந்தப் பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. மேடையில் பலர் இதைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கலாம்.

கவையின் மேலுறை

கவையைச் சுற்றி ஃபோம், ரப்பர், ஃபெல்ட் துணி என்று ஏதாவது ஒன்று இருக்கும். வெள்ளி முலாம் பூசிய கருவி வைத்திருப்பவர்கள் ரப்பர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள், கந்தகம் பட்ட வெள்ளி கறுக்கும். தினமும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே கறுப்பு வளையம் விழும். பழைய காலத்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு உள்ள கருவிகளுக்கு மென்மையான பிவிசி ஆகாது; அதை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் பூச்சை இளக்கி ஒட்டவைத்துவிடும். கம்பளி கலக்காத ஃபெல்ட் துணியோ பருத்தித் துணியோ சுற்றிக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

ஆல்ட்டோ ஸ்டாண்டைத் திருத்திக்கொள்வது

கவை கொஞ்சம் அகலம் என்பது மட்டும்தான் குறை என்றால், கருவியில் கை வைக்காமல் ஸ்டாண்டில் வேலை செய்து சரிக்கட்டலாம்.

கவையின் இரண்டு பக்கமும் ஃபெல்ட் துணியைச் சமமாகச் சுற்றுங்கள். பக்கத்துக்கு 5 மி.மீ. தடிமன் ஏற்றினால் உள் அகலம் 1 செ.மீ. குறையும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் கருவி சாய்ந்து நிற்கும், கீழ்க்கவையோடு நேர்க்கோட்டில் வராது. துணியைக் கவையோடு தைத்துவிடுவது நல்லது. இரட்டைப் பக்க ஒட்டு டேப் வெயிலில் இளகி நகரும், பசை கருவியின் மேல் படும்.

2 செ.மீ.க்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் துணி சுற்றுவதை நம்பாதீர்கள், மெத்தென்று அமுங்கிவிடும். அதற்குப் பதில் இரண்டு பக்கக் கைகளுக்கும் குறுக்கே பருத்தி நாடா ஒன்றை இழுத்துத் தைத்து, பெல்லின் அடிப்பக்கம் அதில் சாய்ந்து உட்காரும்படி செய்யலாம். நாடா தொய்யாமல் இருக்க வேண்டும், கீயில் உரசாமல் போக வேண்டும். இது நான் பார்த்தவற்றில் உருப்படியான வழி. உயரம் எட்டவில்லை என்று கீழ்க்கவையில் துணி மூட்டை வைத்து ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அது நாளடைவில் நகரும். கீழ்க்கவை உயராவிட்டால் வேறு ஸ்டாண்டு பாருங்கள்.

வீட்டில் சோதித்துப் பார்ப்பது

ஸ்டாண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில், சுற்றிலும் தலையணை போட்டு வையுங்கள். மவுத்பீஸ், ரீடு, மூடி எல்லாம் மாட்டிய நிலையிலேயே கருவியை வையுங்கள். அவை இல்லாமல் நிற்பதும், அவற்றோடு நிற்பதும் ஒன்றல்ல, எடை மையம் மேலே ஏறிவிடும். முதல் தடவை கையை முழுதாக எடுக்காமல் ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்தபடியே பாருங்கள்.

அப்புறம் கீகளைக் கவனியுங்கள். தாழ்ந்த சி, பி, பி ஃபிளாட் மூன்றும் சும்மா இருக்கும்போது திறந்தே நிற்க வேண்டியவை. ஸ்டாண்டில் வைத்ததும் இவற்றில் ஒன்று பாதி மூடியிருந்தால் கவை எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். எப்போதும் மூடியே இருக்க வேண்டிய ஜி ஷார்ப், தாழ்ந்த இ ஃபிளாட் கீகளுக்கு ஒரு மெல்லிய தாள் துண்டை பேடுக்கு அடியில் வைத்து இழுத்துப் பாருங்கள்; முன்பு பிடித்த அளவுக்குத் தாள் பிடிக்காவிட்டால் அங்கேயும் இடிக்கிறது.

பிறகு பெல்லின் பக்கத்தில் ஒற்றை விரலால் லேசாகத் தள்ளுங்கள். நான்கு திசையிலும். கருவி கவைக்குள் ஆடினால் உறை போதவில்லை. கருவி ஆடாமல் ஸ்டாண்டே சாய்ந்தால் கால் போதவில்லை. கடைசியாக ஒரு கையால் எடுத்து ஒரு கையால் வைத்துப் பாருங்கள். இரண்டு கருவி மாற்றி மாற்றி வாசிப்பவர்களுக்கு இந்தச் சோதனைதான் முக்கியம், இன்னொரு கையில் இன்னொரு கருவி இருக்குமே. மேல்கவையில் பூட்டு இருந்தால் அது தானாக மூடுகிறதா, விரலால் மூட வேண்டுமா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்துவிட்டுப் போவதற்கு முன்

நேர் சொப்ரானோவில் ஈரம் வழிந்து வெளியே போய்விடும். வளைந்ததில் அடிவளைவில் தேங்கி நிற்கும். அப்படியே ஸ்டாண்டில் விட்டால் அந்தப் பக்கத்து பேடுகள், முக்கியமாகத் தாழ்ந்த இ ஃபிளாட் பேடு, ஊறிக் கெட்டியாகும். இடைவேளைக்குப் போகும்போது பெல் வழியாகக் கவிழ்த்து நீரை வடித்துவிட்டு வையுங்கள். வாசித்து முடித்தபின் துணி இழுத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பதே நல்லது. குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் இரவு முழுக்க ஸ்டாண்டில் நிற்கவைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

மேடையில் வயர் போகும் வழி, ஆட்கள் நடக்கும் வழி இரண்டிலிருந்தும் தள்ளி, நாற்காலிக்கு அருகில் வையுங்கள். மரப்பலகை மேடை அதிரும், டிரம்ஸுக்குப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று இடைவேளையில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பழைய ஸ்டாண்டு வாங்குகிறவர்கள் மூன்று இடங்களைப் பாருங்கள். ஃபோமை நகத்தால் அழுத்தினால் உதிரக் கூடாது, உதிர்ந்தால் அடியில் உள்ள உலோகம் சீக்கிரமே கருவியைத் தொடும். உயரத் திருகை இறுக்கிவிட்டு மேலிருந்து அழுத்தினால் குழாய் இறங்கக் கூடாது. கால் நுனி ரப்பர்கள் எல்லாம் இருக்க வேண்டும், ஒன்று போயிருந்தாலும் ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் மாற்று கிடைக்கும். இரண்டாவது கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.